அரிவாள் செல் நோயும் மரபணுத் திருத்தமும்: இரு வேறு வழக்குகள்

மரபணுத் திருத்தம் பற்றிய விவாதத்தில் அரிவாள் செல் இரத்தச்சோகை அடிக்கடி சாட்சிக்கு அழைக்கப்படுகிறது. காரணம் எளிது. பீட்டா குளோபின் புரதத்தின் ஆறாம் இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்கவேண்டிய இடத்தில் வேலின் அமர்ந்துவிடுகிறது. 1957இல் வெர்னன் இங்ராம் நிறுவியது இது. ஆக்சிஜன் குறையும்போது ஹீமோகுளோபின் இழை இழையாகக் கோத்துக்கொள்ள, சிவப்பணு வளைந்து நுண்குழாய்களை அடைக்கிறது. எலும்பைத் துளைக்கும் வலி, குழந்தைப் பருவத்திலேயே சிதையும் மண்ணீரல், அதனால் எளிதில் தொற்றும் கிருமிகள் எனத் தொல்லைகள் தொடர்கின்றன. பிழை மரபணுவின் ஓரெழுத்தில்தான் என்றால் அதைத் திருத்திவிடலாமே என்று யாருக்கும் தோன்றும்.

திருத்தம் வந்தும்விட்டது. 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் ‘காஸ்ஜெவி’ சிகிச்சைக்கு ஒப்புதல் அளித்தன. ஆனால் அது அந்த ஓரெழுத்தைத் தொடுவதே இல்லை. நோயாளியின் இரத்தக் குருத்தணுக்களைப் பிரித்தெடுத்து, கருவிலிருக்கும்போது உருவான ஹீமோகுளோபினைப் பிறந்தபின் அடக்கிவைக்கும் பிசிஎல்11ஏ மரபணுவை அந்த அணுக்களில் தளர்த்திவிட்டு, திரும்பச் செலுத்துகிறார்கள். செலுத்துவதற்குமுன் பழைய எலும்பு மஜ்ஜையை புசல்ஃபான் என்ற கடும் மருந்தால் அழிக்கவேண்டும், கருவளம் பாதிக்கப்படலாம். அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர்.

இங்கே ஒன்றைக் கவனிக்கலாம். இந்தியப் பழங்குடியினரிடம் மிகுதியாகக் காணப்படும் அரபு-இந்திய மரபணு வகையில் கரு ஹீமோகுளோபின் இயல்பாகவே கூடுதலாக இருக்கிறது. காஸ்ஜெவி செயற்கையாகச் செய்ய முயல்வதை இயற்கை ஓரளவு முன்பே செய்திருக்கிறது. அதற்காக இங்குள்ளோர் எல்லோருக்கும் நோய் மிதமாகவே இருக்கும் என்று கொள்வது தவறு.

அடுத்த தலைமுறைக்கும் கடத்தப்படும் கருத் திருத்தம் வேறு வழக்கு. 2018இல் சீன விஞ்ஞானி ஹே ஜியான்குயி எச்.ஐ.வி. எதிர்ப்புக்கென்று சிசிஆர்5 மரபணுவைக் கருக்களில் மாற்றி மூன்றாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அரிவாள் செல் போன்ற உண்மையான நோய்க்குச் செய்தால் ஏற்கலாமே என்பவர்கள் உண்டு. கணக்கு அவர்களுக்குத் துணைநிற்கவில்லை. பெற்றோர் இருவரும் நோயின்றி அரிவாள் செல் கூறை (பிழையுள்ள மரபணுவின் ஒரு பிரதியை) மட்டும் சுமப்பவர்களானால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோயுள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. எனவே கருவைப் பரிசோதித்துத் தேர்ந்தெடுக்க முடியும்; திருத்தத் தேவையில்லை. தாய் தந்தை இருவருமே நோயாளிகளாக இருக்கும் அரிய நிலை மட்டுமே விதிவிலக்கு. அத்துடன், இக்கூறைச் சுமப்போருக்குக் கடும் மலேரியாவிலிருந்து பாதுகாப்பு உண்டு என்று 1954இல் ஆந்தனி ஆலிசன் காட்டினார். குறை என்ற முத்திரை வாழும் இடத்தையும் பொறுத்தது.

முத்திரை குத்துவதால் வரும் கேடு கற்பனை அல்ல. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க மாநிலங்கள் சில கறுப்பின மக்களுக்குக் கட்டாயப் பரிசோதனைச் சட்டங்களை இயற்றின. கூறு சுமப்பவரும் நோயாளியும் ஒன்றாகவே பார்க்கப்பட்டனர்; வேலையிலும் காப்பீட்டிலும் பாகுபாடு முளைத்தது. 2023 ஜூலை 1 அன்று தொடங்கப்பட்ட இந்தியாவின் தேசிய அரிவாள் செல் இரத்தச்சோகை ஒழிப்பு இயக்கம், பழங்குடிப் பகுதிகளில் ஏழு கோடிப் பேரைப் பரிசோதித்து, முடிவை அட்டையாகக் கையில் தந்து, மணமுடிக்குமுன் ஆலோசனையும் வழங்க முனைகிறது. நோக்கம் நல்லதுதான். ஆனால் அந்த அட்டை பெண் பார்க்கும் இடத்தில் ஜாதகத்தோடு சேர்ந்துகொண்டால் சுமை யார் தலையில் விழும் என்பதைத் திட்டம் தீட்டுவோர் எண்ணிப்பார்க்கவேண்டும்.

நீலகிரிப் பழங்குடியினரிடம் இக்கூறு இருப்பதை லேமனும் கட்புஷும் 1952இலேயே பதிவு செய்தனர். எளிய மருந்துகளும் நெடுநாளாகவே உண்டு: நோயுள்ள சிறு குழந்தைகளுக்குத் தினமும் பென்சிலின் கொடுத்தால் நிமோகாக்கஸ் தொற்று 84 விழுக்காடு குறைகிறது என்று 1986இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. வலி நெருக்கடியைக் குறைக்கும் ஹைட்ராக்சியூரியா அங்கு 1998இல் ஒப்புதல் பெற்றது. இரண்டும் மலிவானவை, குருத்தணு மாற்று வசதியுள்ள மருத்துவமனையும் தேவையில்லை. மரபணுத் திருத்த ஆய்வு தொடரட்டும். ஆனால் பொதுப்பணத்தில் முதல் உரிமை, பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுக்கும் ஒரு சொட்டு இரத்தப் பரிசோதனைக்கும், அதைத் தொடர்ந்து நீலகிரியின் கூடலூர், பந்தலூர் மலைக்குடியிருப்புகள் வரை தடையின்றிச் சென்றுசேரவேண்டிய இந்த மருந்துகளுக்கும்தான்.