உதவி மானியமும் உக்கிராணக் கணக்கும்

நம் சேகரங்களில் உள்ள பழைய பள்ளிகள் பலவற்றின் முகப்பில் 'அரசு உதவி பெறும் பள்ளி' என்னும் சொற்களைக் காண்கிறோம். இவ்வுதவி எந்நோக்கத்தோடு தோன்றியது? அரசு எதற்குக் கணக்குக் கேட்டது? எதற்குக் கேளாமல் விட்டது? சென்னை மாகாண வரலாற்றைத் துணைக்கொண்டு இவ்வினாக்களைச் சுருக்கமாக ஆராய்வோம்.

1. எண்ணிக்கை முந்தியது

1813ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம், கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்டுதோறும் ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத தொகையைக் கல்விக்கென ஒதுக்க வழிசெய்தது. ஆனால் அதனைச் செலவிடும் பொறுப்பேற்கக் கல்கத்தாவில் பொதுக் கல்விக் குழு ஒன்று அமைய 1823ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. ஒதுக்கீடு வேறு, செலவு வேறு என்பதைத் தொடக்கமே காட்டிவிட்டது.

சென்னையில் கவர்னர் தாமஸ் மன்றோ 1822இல் பள்ளிகளைக் கணக்கெடுக்கப் பணித்தார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி, 1,28,50,941 மக்களுக்கு 12,498 பள்ளிகளும், அவற்றில் 1,88,650 மாணவரும் இருந்தனர். இப்பள்ளிகளைப் பெரும்பாலும் பெற்றோர் அளித்த சம்பளமே தாங்கியது. அரசு செலவழிக்குமுன் எண்ணத் தொடங்கிற்று எனலாம். சாதி வாரியாகவும் ஆண் பெண் வாரியாகவும் எடுக்கப்பட்ட அக்கணக்கு, பள்ளிக்கு வந்தவர் யார் என்று கூறியது. வராதவர் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை.

2. 1854ஆம் ஆண்டின் உடன்பாடு

1854 ஜூலை 19ஆம் நாளிட்ட கல்வி அறிக்கை, சர் சார்லஸ் உட்டின் பெயரால் வழங்குவது, உதவி மானிய முறையை நிறுவியது. கல்வியின் முழுச் செலவையும் அரசு ஏற்க இயலாது. உள்ளூர் முயற்சிக்கு ஓரளவு உதவினால் அதே பணம் பன்மடங்கு பயன் தரும் என்பதே அதற்குக் கூறப்பட்ட நியாயம். நல்ல உலகியற்கல்வி, பொறுப்புள்ள நிர்வாகம், அரசுத் தணிக்கை ஆகியன நிபந்தனைகள். சமயப் போதனையை ஆய்வாளர் கவனத்திற் கொள்ளலாகாது என்பதும் விதிக்கப்பட்டது.

இம்முறை இங்கிலாந்திலிருந்து வந்ததாகும். அங்கு 1833இல் பாராளுமன்றம் முதன்முதலாக 20,000 பவுன் ஒதுக்கியபோது, அத்தொகை இரு சமயச் சார்புள்ள கல்விச் சங்கங்கள் வழியாகவே பள்ளிக் கட்டடங்களுக்குச் சென்றது. ஆதலின் மிஷன் பள்ளிகள் பொதுப் பணம் பெற்றது நம் நாட்டில் மட்டும் நிகழ்ந்த புதுமையன்று. ஆயினும் அன்று முதல் நம் முன்னோர் இரு கணக்குகளை எழுத வேண்டியதாயிற்று. தாய்நாட்டுச் சங்கத்திற்கு நற்செய்திப் பணியின் அறிக்கை ஒன்று. கல்வி இலாகாவிற்கு வருகைப் பதிவும் தேர்ச்சி விவரமும் கொண்ட அறிக்கை மற்றொன்று. ஒரே பள்ளி இருவேறு நியாயங்களால் தாங்கப்பட்டது.

3. தேர்ச்சிக்கேற்ற கூலி

1862இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ என்பார் மானியத்தைத் தேர்வுடன் பிணைத்தார். ஆய்வாளர் ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் சோதிப்பார். தேறியவர் தொகைக்கேற்பப் பணம் வரும். சென்னை மாகாணமும் இம்முறையை விரைவில் மேற்கொண்டது. இதனால் விளைந்த நன்மையை மறைத்தல் ஆகாது. அதுவரை எவ்வுதவியும் பெறாத திண்ணைப் பள்ளிகள் பலவும் இதன் மூலம் மானியம் பெற்றன.

ஆனால் அதன் தீமையையும் நோக்குதல் வேண்டும். ஆசிரியரின் பிழைப்பு தேர்வு நாளைப் பொறுத்ததாயிற்று. மாடு மேய்க்கவும் அறுவடைக்கும் சென்று பாதி நாள் பள்ளிக்கு வாராத பிள்ளை, மானியத்தின் நோக்கில் இழப்பாகவே தோன்றினான். சேரிகளில் உபதேசியார்கள் நடத்திய பள்ளிகளோ அத்தகைய பிள்ளைகளுக்கென்றே ஏற்பட்டவை. ஏட்டில் எண்கள் பிழையின்றி இருந்தன. எனினும் மிகுந்த தேவையுடையோர்க்குக் குறைந்த பணமே சேரக்கூடிய முறை அது. மிஷனரிகளின் முறையீடுகளும் துணைநிற்க, அரசு ஏடுகள் அக்காலத்தில் 'பஞ்சமர்' என்று குறித்த ஒடுக்கப்பட்ட மக்களின் கல்விக்கெனச் சென்னை அரசு 1893இல் தனிச் சலுகைகள் அளித்தது. 1904ஆம் ஆண்டு இந்திய அரசின் கல்விக் கொள்கைத் தீர்மானம் தேர்ச்சிக்கேற்ற மானியத்தைக் கைவிட்டது.

இதனிடையே 1882இல் அமைந்த ஹண்டர் குழுவில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் வில்லியம் மில்லரும் உறுப்பினராயிருந்தார். உயர்கல்வியினின்று அரசு விலகினால் அவ்விடம் மிஷன்களுக்கு உரியதாகும் என்று சிலர் எதிர்பார்த்தனர். குழு அதனை ஏற்கவில்லை. ஊக்குவிக்கப்பட வேண்டியது முதன்மையாக இந்நாட்டு மக்களின் முயற்சியே என்றது. தொடக்கக் கல்விக்கே பொதுப் பணத்தில் முதலுரிமை வேண்டும் என்றும் வற்புறுத்தியது. நம்மவருள் சிலரை இம்முடிவு வருத்தியது. எனினும் அது நேரியது என்றே கருதுகிறோம்.

4. நம்மிடம் கேட்கப்படும் கணக்கு

1950ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு, சிறுபான்மையினர் நடத்தும் நிறுவனம் என்பதற்காக மானியத்தில் வேற்றுமை காட்டலாகாது என்கிறது. 28ஆம் பிரிவு, உதவி பெறும் பள்ளியில் எவரையும் சம்மதமின்றிச் சமயப் போதனைக்கு உட்படுத்தலாகாது என்கிறது. உரிமையும் கடமையும் இங்கே இணைந்து நிற்கின்றன. தமிழ்நாட்டிலோ 1991-92 கல்வியாண்டு முதல் புதிதாகத் தொடங்கிய தனியார் பள்ளிகளுக்கு மானியம் இல்லை என்று சட்டமாயிற்று. எனவே முன்னோர் விட்டுச்சென்ற உதவி பெறும் பள்ளிகள், இனிப் பெருக்க இயலாத பொதுச் சொத்தாகிவிட்டன.

அச்சொத்தின் கணக்கை யார் கேட்பது? இலாகாவின் தணிக்கையாளர் வருகைப் பதிவையும் சம்பளப் பட்டியலையும் பார்ப்பார். ஆசிரியர் நியமனத்திற்குப் பணம் கைமாறியதா என்பதும், ஏழைப் பிள்ளையின் தாய் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டாளா என்பதும் அப்பட்டியல்களில் இரா. இவை குறித்த மனக்குறை நம் சபைகளில் கேட்கப்படாதது அன்று. வரி செலுத்துவோருள் அந்தத் தாயும் ஒருத்தி என்பதை நிர்வாகக் குழுக்களில் அமரும் நாம் மறந்துவிடுகிறோம்.

லூக்கா நற்செய்தியில் வரும் அநீதியுள்ள உக்கிராணக்காரன் கடன் சீட்டுகளைத் திருத்தி எழுதச் செய்தான். சீட்டில் எண்கள் ஒழுங்காகவே இருந்திருக்கும். எண்கள் பொருந்துவதும் உண்மையாயிருப்பதும் ஒன்றல்ல. தேர்ச்சிக்கேற்ற மானியத்தின் வரலாறும் இதனையே உணர்த்துகிறது. ஆகையால் ஆயர்கள் தம் சேகரப் பள்ளியின் ஆண்டறிக்கையைச் சபையார் முன் படிக்கும்போது, தேர்ச்சி விழுக்காட்டோடு நில்லாமல், எவரெவர் பிள்ளைகள் சேர்க்கப்பட்டனர், எவர் இடையில் நின்றனர், ஆசிரியர் எம்முறையில் நியமிக்கப்பட்டனர் என்பவற்றையும் சேர்த்துப் படிப்பார்களாக. அரசு கேளாத கணக்கைத் தானே முன்வந்து ஒப்புவிக்கும் திருச்சபையே, உதவி கேட்கும் தகுதியுடையதாகும்.