டெக், லேடெக் மேக்ரோக்களில் பட்டியல் கையாளுதல்

டெக் அச்சுக்கோப்பு மொழியிலும் அதன் மேல் கட்டப்பட்ட லேடெக்கிலும், வரிசையாகத் தரப்படும் உருப்படிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரே வேலையை நடத்துவதற்கு உருவான மேக்ரோ உத்திகள் பற்றியது இக்கட்டுரை. மேற்கோள் கட்டளைக்குள் காற்புள்ளி இட்டு அடுக்கும் நூல் குறிகள், தொகுப்பு ஒன்றை ஏற்றும்போது சதுர அடைப்புக்குள் தரும் விருப்பத்தேர்வுகள், படம் பக்கத்தில் எங்கே அமரலாம் என்று சொல்லும் எழுத்துகள் எல்லாம் பட்டியல்களே. ஆனால் பட்டியல் என்று ஒரு தரவு வகை டெக்கில் கிடையாது. டெக்குக்குத் தெரிந்தவை டோக்கன்கள் மட்டும்: ஓர் எழுத்தும் அதன் வகை எண்ணும் சேர்ந்தது ஒரு டோக்கன், ஒரு கட்டளைப் பெயர் இன்னொரு டோக்கன். பட்டியல் என்பது டோக்கன் வரிசையை நாம் பார்க்கும் பார்வையில்தான் இருக்கிறது. (கட்டளைப் பெயர்களின் முன் வரும் பின்சாய்கோட்டை இங்கே விட்டுவிட்டு எழுதியிருக்கிறோம்.)

பின்னணி

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் நூத், தம் கணினி நிரலாக்க நூல்வரிசையின் 2ஆம் தொகுதி மறுபதிப்புக்கு வந்த அச்சுப் படிகளின் தரம் பிடிக்காமல், 1977இல் டெக்கை வடிவமைக்கத் தொடங்கினார். முதல் வடிவம் செயில் என்ற மொழியில் 1978இல் இயங்கியது. 1982இல் எல்லாவற்றையும் பாஸ்கல் அடிப்படையில் புதிதாக எழுதினார். இன்று புழங்குவது அந்த இரண்டாம் வடிவத்தின் வழித்தோன்றல்.

நூத் செய்ய நினைத்தது அச்சுக்கோக்கும் கருவி. மேக்ரோ என்பது தட்டச்சைக் குறைக்கும் சுருக்கெழுத்து, அவ்வளவே. முழுமையான நிரலாக்க வசதிகளைச் சேர்க்க அவருக்கு மனமில்லை. கணினியியலாளர் கய் ஸ்டீல் போன்றவர்கள் விடாமல் கேட்டதால்தான் இரண்டாம் வடிவத்தில் பலவற்றைச் சேர்த்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். டெக்கில் நிரல் எழுதுவது ஏன் இத்தனை கோணலாக இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இதுவே நேர்மையான பதில் என்று தோன்றுகிறது. நிரல்மொழியாக யாரும் திட்டமிடாத ஒன்று, கேட்டவர்களின் வற்புறுத்தலால் நிரல்மொழி ஆனது.

டெக்கின் வேலைமுறையை நூத் உடலுறுப்புகளின் பெயரால் விளக்கினார். வாய் டோக்கன்களை வாங்குகிறது, மேக்ரோக்களை விரிக்கிறது, நிபந்தனைகளைத் தீர்க்கிறது. வயிறு அதன் பிறகு மதிப்பிடுதல், கூட்டல், அச்சுக்கோத்தல் ஆகியவற்றைச் செய்கிறது. பட்டியல் வரலாற்றில் இந்தப் பிரிவினைக்குப் பெரிய பங்கு உண்டு. எண்ணியை ஒன்று கூட்டிக்கொண்டே போகும் சுற்று வயிற்றில்தான் நடக்கும். கோப்பில் எழுதும்போதோ, கட்டளைப் பெயரைக் கட்டும்போதோ டெக் வாயால் மட்டும் வேலை செய்கிறது. அங்கே கூட்டல் கட்டளை கூட்டப்படாமல் வெறும் டோக்கனாகவே கிடக்கும். ஆகவே, முழுவதும் விரிவாக்கத்தாலேயே நடக்கும் சுற்று, மதிப்பிடுதல் தேவைப்படும் சுற்று என்று இரண்டு இனங்கள் தொடக்கத்திலேயே பிரிந்தன.

சுற்று

டெக்கோடு வந்த ‘ப்ளெய்ன்’ மேக்ரோத் தொகுதியில் ‘லூப்’ என்று தொடங்கி ‘ரிபீட்’ என்று முடியும் ஒரு சுற்று இருந்தது. நடுவில் ஒரு நிபந்தனை வரும். அது உண்மையாக இருக்கும்வரை உடல்பகுதி தன்னைத் தானே திரும்ப அழைக்கும். ‘ரிபீட்’ என்பதற்கு நூத் தந்த பொருள் நிபந்தனையை மூடும் ‘ஃபி’யின் பொருளே. சுற்று முழுவதும் வேறொரு நிபந்தனையின் பொய்க்கிளைக்குள் சிக்கினால், டெக் அதைச் சரியாகத் தாண்டிச் செல்ல வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு.

குறைகள் விரைவில் தெரிந்தன. ஒரு சுற்றுக்குள் இன்னொரு சுற்றை அப்படியே வைத்தால், வெளிச்சுற்று உள்ளே வரும் முதல் ‘ரிபீட்’டையே தன் முடிவாக எடுத்துக்கொள்ளும், உட்சுற்றை நெளிவு அடைப்புக்குள் ஒளித்துவைக்க வேண்டியிருந்தது. நிபந்தனையில் ‘எல்ஸ்’ கிளை வைக்கவும் முடியவில்லை. 1987இல் டெக் பயனர் குழுவின் இதழான டக்போட்டில் அலாய்ஸ் கபெல்ஷாக்ட் ஒரு சிறு குறிப்பு எழுதினார். அடுத்த அழைப்பைத் துணைக் கட்டளை ஒன்றில் சேமித்து வைப்பதற்குப் பதிலாக, ஒரு டோக்கனைத் தாண்டி அதற்கு அடுத்ததை முதலில் விரிக்கும் ‘எக்ஸ்பாண்ட்ஆஃப்டர்’ கொண்டு நிபந்தனையை முதலில் மூடிவிட்டு, பிறகு அழைப்பை நடத்தலாம் என்று காட்டினார். ‘எல்ஸ்’ சிக்கல் தீர்ந்தது. லேடெக்கின் அடிப்படை நிரலான கருவில் இன்றும் இருப்பது அவர் சொன்ன முறைதான்.

நிபந்தனையை மூடிவிட்டு அழைப்பது வெறும் அழகுக்காக அல்ல. மூடாமல் அழைத்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ‘ஃபி’ தேங்கி நிற்கும். நூத் வெளியிட்ட மூல நிரலில் உள்ளீட்டு அடுக்கின் உயரம் 200தான். அழைப்பு மேக்ரோவின் கடைசி டோக்கனாக இருந்தால், முடிந்துபோன மேக்ரோவின் இடத்தை முதலில் விடுவித்துவிட்டு அடுத்ததைத் தொடங்கும் ஏற்பாட்டை அவர் டெக்கிற்குள்ளேயே செய்துவைத்திருந்தார். அதனால் ஒழுங்காக எழுதிய சுற்று ஆயிரக்கணக்கான முறை ஓடினாலும் அடுக்கு உயராது.

காற்புள்ளியால் பிரித்தல்

எண்ணியை வைத்துச் சுற்றுவது எளிது. காற்புள்ளியிட்ட பட்டியலைப் பிரிப்பதற்கு டெக்கின் வேறொரு குணம் கைகொடுத்தது. ஒரு மேக்ரோ தன் ஆர்க்யூமென்ட்டுகளை எந்தக் குறி வரும்வரை படிக்க வேண்டும் என்று வரையறையிலேயே சொல்லலாம். ‘முதல் பகுதி, காற்புள்ளி, மிச்சம், முடிவுக்குறி’ என்ற வார்ப்பில் ஒரு மேக்ரோவை வரையறுத்துவிட்டால், முதல் காற்புள்ளிவரை உள்ளது முதல் ஆர்க்யூமென்ட், முடிவுக்குறிவரை உள்ளது இரண்டாவது. முதலாவதன் மேல் வேலையைச் செய்துவிட்டு, மிச்சத்தோடு தன்னையே மறுபடி அழைத்தால் பட்டியல் தேய்ந்துகொண்டே வரும்.

முடிவு வந்துவிட்டதை அறிவது எப்படி? பட்டியலின் கடைசியில் பயனர் ஒருபோதும் எழுத மாட்டார் என்று நம்பக்கூடிய ஒரு டோக்கனை ஒட்டிவைத்து, ஒவ்வொரு உருப்படியையும் அதனோடு ஒப்பிட வேண்டும். லேடெக்கில் ‘நில்’ என்ற பெயருடைய, எந்த வரையறையும் இல்லாத கட்டளை இந்தக் காவல் வேலையைச் செய்தது. பின்னர் வந்த லேடெக்3 திட்டம் ‘குவார்க்’ என்ற ஒன்றைப் பயன்படுத்தியது: விரித்தால் தன்னையே தரும் மேக்ரோ. ஒப்பிடுவதற்கு அருமையானது; தவறி விரிந்துவிட்டாலோ டெக் முடிவின்றித் தன்னைத் தானே சுற்றிக்கொண்டிருக்கும்.

இந்த முறையின் பிழைகள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாதவை. எல்லை சொல்லாத ஆர்க்யூமென்ட்டைப் படிக்கும்போது டெக் முன்னால் உள்ள இடைவெளியைத் தாண்டிவிடும். எல்லை சொன்ன ஆர்க்யூமென்ட்டில் தாண்டாது. ஆகவே காற்புள்ளிக்குப் பின் அழகுக்காக விட்ட இடைவெளி உருப்படியின் முதல் எழுத்தாகிவிடும். மேற்கோள் கட்டளையில் இரண்டு குறிகளுக்கு நடுவே இடைவெளி விட்டாலும் லேடெக் இன்று தடுமாறாததற்குக் காரணம், ஒவ்வொரு குறியின் முன்னிருக்கும் இடைவெளியை விழுங்குவதற்கென்றே கருவில் எழுதப்பட்ட ஒரு வரி. உருப்படி முழுவதும் நெளிவு அடைப்புக்குள் இருந்தால் அந்த அடைப்பும் உரிந்துபோகும். பட்டியல் வேறொரு மேக்ரோவுக்குள் இருந்தால் அதை முதலில் விரித்தாக வேண்டும், இல்லாவிட்டால் காற்புள்ளிகள் கண்ணில் படவே படாது. புதிதாக எழுதுகிறவர்கள் விழும் முதல் குழி இதுதான்.

இயங்கும் பட்டியல்

1984இல் வெளிவந்த டெக் கையேட்டின் கடைசிப் பகுதிகளில் ஒன்றுக்கு நூத் ‘அழுக்குத் தந்திரங்கள்’ என்று பொருள்படும் தலைப்பு வைத்தார். பட்டியல் மேக்ரோக்கள் அங்கேதான் இருக்கின்றன. டெக் வரலாற்றில் இந்தத் துறையின் ஆகச் சிறந்த யோசனையும் அதுவே என்று சொல்லலாம். உருப்படிகளைக் காற்புள்ளியால் பிரிக்காமல், ஒவ்வொன்றின் முன்னும் ஒரே மேக்ரோவை நிறுத்திவிடுவது. அந்த மேக்ரோவுக்கு நிலையான பொருள் கிடையாது. உருப்படிகளை எண்ண வேண்டுமானால் ‘எண்ணியில் ஒன்று கூட்டு’ என்று அதற்குப் பொருள் தந்துவிட்டுப் பட்டியலை ஓடவிடலாம். ஒன்று பட்டியலில் உண்டா என்று தேட வேண்டுமானால் ஒப்பிடும் மேக்ரோவாக மாற்றலாம். காற்புள்ளியைத் தேடுவதும் இல்லை, காவல் டோக்கனும் இல்லை. பட்டியலே நிரல், மேளம் எப்படி அடிக்கிறதோ அப்படி ஆடும் கரகாட்டம் போல. தலையில் சேர்த்தல், வாலில் சேர்த்தல், தலையை எடுத்தல் ஆகியவற்றுக்கும் நூத் அங்கே மேக்ரோக்கள் தந்திருக்கிறார்.

இதன் எளிய உதாரணம் ப்ளெய்ன் டெக்கிலேயே இருக்கிறது. ‘டூஸ்பெஷல்ஸ்’ என்ற மேக்ரோவுக்குள், டெக்கில் தனிப்பொருள் உள்ள குறிகள் ஒவ்வொன்றும் ‘டூ’ என்ற கட்டளைக்குப் பின் வரிசையாக நிற்கின்றன. நிரலை உள்ளது உள்ளபடி அச்சிட விரும்பும்போது, ‘டூ’வுக்கு ‘இந்தக் குறியை வகை 12 ஆக்கு’ என்று பொருள் தந்து அந்த மேக்ரோவை அழைத்தால் போதும். ஒரே வரியில் எல்லாக் குறிகளும் சாதாரண எழுத்துகளாகிவிடும்.

1990இல் ஆலன் ஜெஃப்ரி டக்போட்டில் வேறொரு எல்லையைத் தொட்டார். மதிப்பிடுதலே இல்லாமல், டெக்கின் வாய்க்குள்ளேயே, லாம்டா கணிதத்தின் வழியில் பட்டியல்களைக் கட்டவும் வரிசைப்படுத்தவும் முடியும் என்று காட்டினார். அன்றாடப் பயனுக்கு உகந்ததாக இல்லாவிட்டாலும், விரிவாக்கத்தால் மட்டுமே எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அது சான்றாக நின்றது.

லேடெக்கின் கருவில்

லெஸ்லி லாம்போர்ட் 1980களின் முதற்பாதியில் எழுதிய லேடெக், இரண்டு மரபுகளையும் அருகருகே வைத்துக்கொண்டது. பயனர் எழுதும் காற்புள்ளிப் பட்டியலுக்கு ‘ஃபார்’. டோக்கன் டோக்கனாகப் போவதற்கு ‘டிஃபார்’. இவற்றின் வடிவில் மாறிக்கு அடுத்து முக்காற்புள்ளியும் சமக்குறியும் வருவது பாஸ்கல், ஆல்கால் படித்தவர்களுக்கு உடனே பிடிபடும். ‘ஃபார்’ உள்ளே நுழைந்ததும் முதல் இரண்டு உருப்படிகளையும் தனியே கையாண்டுவிட்டு, மூன்றாவதிலிருந்துதான் சுற்றைத் தொடங்கும். பெரும்பாலான பட்டியல்கள் ஒன்றிரண்டு உருப்படிகளோடு முடிந்துவிடும் என்பதால் நேரம் மிச்சம். அந்நாளைய கணினிகளை நினைத்தால் இந்தச் சிக்கனம் புரியும்.

மிதக்கும் படங்களின் இட விருப்பத்தைப் படிப்பது ‘டிஃபார்’தான். ‘இங்கே’ என்பதற்கு 1, பக்கத்தின் மேலே 2, கீழே 4, தனிப் பக்கம் 8 என்று ஒவ்வொரு எழுத்தும் ஓர் எண்ணாகிக் கூடுகிறது. எழுத்துகளை எந்த வரிசையில் எழுதினாலும் ஒரே விளைவு வருவதன் காரணம் இந்தக் கூட்டல். வரிசையை மாற்றினால் முன்னுரிமை மாறும் என்று நம்புகிறவர்கள் இன்றும் நிறையப் பேர்.

உள்பட்டியல்களுக்கு லாம்போர்ட் நூத்தின் முறையையே எடுத்துக்கொண்டு, பிரிக்கும் மேக்ரோவுக்கு ‘எல்ட்’ என்று பெயரிட்டார். பிரிவு எண் ஏறும்போது உட்பிரிவு எண் சுழியாவது அப்படித்தான்: பிரிவின் எண்ணிக்கு ஒரு பட்டியல் உண்டு, ‘எல்ட்’டுக்குச் சுழியாக்கும் பொருளைத் தந்து அது ஓட்டப்படுகிறது. படங்களை வைக்கக் காலியாக உள்ள பெட்டிகளின் பட்டியலும் இதே வகை. அதில் 18 பெட்டிகளே இருந்தன. அவை தீர்ந்ததும் ‘கையாளப்படாத படங்கள் மிகுதி’ என்ற பிழைச்செய்தி வரும். ஆய்வேடு எழுதிய பலருக்கு அது பழக்கமானது. 2015ஆம் ஆண்டு வெளியீடு பெட்டிகளின் எண்ணிக்கையை 52 ஆக்கியது.

தொகுப்புகளின் காலம்

1994இல் லேடெக்2ஈ வந்தபின் கருவின் ‘ஃபார்’ போதாமல் போனது. டேவிட் கார்லைலின் ‘கீவால்’ தொகுப்பு, காற்புள்ளிப் பட்டியலின் ஒவ்வொரு உருப்படியையும் சமக்குறியில் இரண்டாக உடைத்து, பெயர்–மதிப்பு இணைகளாக்கியது. படத்தின் அகலம், உயரம், சுழற்சிக் கோணம் ஆகியவற்றைப் பெயர் சொல்லித் தரும் பழக்கம் அதன் வழியே பரவியது.

சாதாரணப் பயனர்களிடம் சுற்றைக் கொண்டுசேர்த்தது டில் டான்டாவின் ‘ஃபார்ஈச்’. டிக்ஸ் வரைகலைத் தொகுப்போடு வந்த இது, முதல் எண்ணை எழுதி, மூன்று புள்ளி இட்டு, கடைசி எண்ணை எழுதினால் நடுவில் உள்ளதைத் தானே நிரப்பும். சாய்கோட்டால் ஒரே உருப்படிக்குள் இரண்டு மூன்று மாறிகளையும் தரலாம். இரண்டு சங்கடங்கள் உண்டு. ஒவ்வொரு சுற்றும் தனிக் குழுவுக்குள் நடப்பதால், உள்ளே மாற்றிய மதிப்பு வெளியே வந்ததும் மறைந்துவிடும். அடுத்தது, டெக்கின் நீளக் கணக்கு ஒரு புள்ளியின் 65536இல் ஒரு பங்கால் நடப்பதால் தசமங்களில் வரும் வழு. 0, 0.1 என்று தொடங்கி 0.5வரை போகச் சொன்னால் 0.20001, 0.30002, 0.40002 என்று நகர்ந்து, 0.5ஐத் தொடாமலே நின்றுவிடும்; கையேடே இதை எச்சரிக்கிறது.

ஃபிலிப் லேமனின் ‘ஈடூல்பாக்ஸ்’ தொகுப்பில் ஒரு நுட்பமான ஏற்பாடு உண்டு. உள்பட்டியலின் பிரிப்பானாக அது செங்குத்துக் கோட்டை வைத்தது, ஆனால் வகை எண் 3 கொண்ட கோடு. பயனர் விசைப்பலகையில் தட்டும் கோட்டின் வகை எண் 12. பார்வைக்கு ஒன்றேயான இரண்டும் டெக்குக்கு வெவ்வேறு டோக்கன்கள் என்பதால், தரவும் பிரிப்பானும் மோதுவதில்லை.

லேடெக்3க்குப் பின்

1990ஐ ஒட்டி ஃபிராங்க் மிட்டல்பாக், கிறிஸ் ரவுலி, ரைனர் ஷோப் ஆகியோர் தொடங்கிய லேடெக்3 திட்டம் இந்தக் குழப்பத்தைப் பெயரிட்டுப் பிரித்தது. அதன் நிரல் அடுக்கான ‘எக்ஸ்பிஎல்3’இல் காற்புள்ளிப் பட்டியல் ஒரு வகை, வரிசை இன்னொரு வகை. முதலாவது உருப்படிகளின் இருபுற இடைவெளியையும் நீக்கும், வெற்று உருப்படிகளைக் கைவிடும். இரண்டாவது எதையும் அப்படியே காக்கும். காற்புள்ளிப் பட்டியல் பயனர் கையால் எழுதுவதற்கு ஏற்றது; சேமித்து வைக்க வரிசையே தகுந்தது. இந்தப் பிரிவினை இருபது ஆண்டுகளுக்கு முன்பே வந்திருந்தால் எத்தனையோ தொகுப்புகளின் பிழைகள் குறைந்திருக்கும். வரிசையைத் திறந்து பார்த்தால், ஒவ்வொரு உருப்படியின் முன்னும் ஒரு மேக்ரோ நிற்கிறது: நூத்தின் 1984 வடிவம், பெயர் மட்டும் நீளம்.

ஒன்றினுள் ஒன்றாகச் சுற்றுகளை வைப்பதற்கும் அது வழி செய்தது. எத்தனையாவது ஆழத்தில் இருக்கிறோம் என்பதை ஓர் எண்ணி கவனிக்கும், ஆழத்திற்கு ஏற்பத் தனித்தனித் துணை மேக்ரோக்கள் உருவாகும். ஆயினும் உள்ளே போகப் போக ஆர்க்யூமென்ட்டின் எண்குறி இரண்டாக, நான்காக, எட்டாகப் பெருகும் தொல்லை நீங்கவில்லை. டெக்கின் அடிப்படை விதி அது, யாராலும் மாற்ற முடியாது.

எந்திரத்தின் பக்கமும் மாற்றங்கள் வந்தன. 1990களில் உருவான ஈ-டெக், எண் கணக்கை விரிவாக்கத்திற்குள்ளேயே செய்யும் வசதியைத் தந்தது. எண்ணியோடு ஓடும் சுற்றை வாய்க்குள் நடத்துவது அப்போதுதான் எளிதானது. லுவாடெக் ஒரு படி மேலே போய், பிரேசிலில் பிறந்த லுவா மொழியை உள்ளேயே பதித்தது. அதில் சுற்று எழுதுவதற்குத் தந்திரம் எதுவும் தேவையில்லை. ஆனால் லேடெக்கின் கரு பிடிஎஃப்டெக்கிலும் ஸீடெக்கிலும் ஓடியாக வேண்டும், அவற்றில் லுவா இல்லை. அதனால் 2020 பிப்ரவரியில் எக்ஸ்பிஎல்3 கருவோடு சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில், பயனர் தரும் ஆர்க்யூமென்ட்டை வாங்கும்போதே எந்தக் குறியால் உடைக்க வேண்டும் என்று கட்டளையின் வரையறையில் சொல்லும் வசதியும் கருவுக்குள் வந்தது. பெயர்–மதிப்பு விருப்பத்தேர்வுகளைப் படிப்பது 2022 ஜூன் வெளியீட்டிலிருந்து கருவின் வேலை. தொகுப்பு எழுதுகிறவர் இப்போது இவற்றுக்காக வேறு தொகுப்பை நாட வேண்டியதில்லை. பழைய ‘ஃபார்’ அகற்றப்படவும் இல்லை, அதை நம்பி எழுதிய தொகுப்புகள் ஏராளம்.