கண்டிச்சீமையிற் குடியமைந்த வரலாறு

'குடி' என்னும் சொல் தமிழிற் பல பொருள்பட வழங்குகின்றது. வீடு, குடும்பம், குலம், ஊர், அரசின் ஆட்சிக்குட்பட்ட மக்கள் ஆகிய யாவும் அவ்வொரு சொல்லாற் குறிக்கப்பெறும். வீடுடையோன் குடும்பமுடையோனாகவும், குடும்பமுடையோன் நாட்டுக்கு உரியோனாகவும் கருதப்பெற்ற ஒரு வாழ்க்கையில் இப்பொருள்கள் தம்முள் முரணின்றி நின்றன. ஆயின், கடல் கடந்து இலங்கையின் மலைநாட்டிற் சென்று தங்கிய தமிழ்க் குடும்பங்களின் வரலாற்றை நோக்குவார்க்கு, இப்பொருள்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நின்றமை புலப்படும். அங்கே குடும்பம் முன்னர் அமைந்தது; வீடு உரிமையின்றி வாய்த்தது; நாட்டுரிமையோ நூறாண்டுக்கும் மேலாகக் காத்திருந்து பெறப்பட்டது. இவ்வாறு நேர்ந்தமைக்குரிய காரணங்களை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

1815இற் கண்டியரசு ஆங்கிலேயர் வசமாயிற்று. அடுத்த பத்தாண்டுக்குள் கம்பளையை அடுத்த மலைச்சரிவுகளிற் காப்பித் தோட்டங்கள் தோன்றின. 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாக இருந்த எட்வர்டு பார்ன்சு தாமே தோட்டமிட்டு அத்தொழிலை ஊக்கினார். காப்பிப் பழம் பறிக்கும் காலம் ஆண்டின் பிற்பகுதியிற் சில மாதங்களே. அக்காலத்து இராமநாதபுரம், மதுரை, திருச்சி, தஞ்சை, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து ஆடவர் திரள் திரளாகச் சென்று, பறிப்பு முடிந்ததும் தை அறுவடையை ஒட்டி ஊர் திரும்பினர். பெண்டிர் சிலரே உடன் சென்றனர். ஆதலின் காப்பிக் காலத்தை வேலைநாடிச் சென்று மீண்ட காலம் எனலாமேயன்றிக் குடியேற்றக் காலம் எனல் பொருந்தாது. அக்காலத்துக் குடிசைகளும் மண்ணும் வைக்கோலுங் கொண்டு எழுப்பிய தற்காலிகத் தங்குமிடங்களே.

சென்ற வழியும் குடும்பத்தோடு செல்லுதற்கு ஏற்றதன்று. இராமநாதபுரக் கரையிலிருந்து தோணியேறி மன்னார்ப் பகுதியில் இறங்கி, அங்கிருந்து காட்டுவழியே மாத்தளை வரை நடந்து செல்லவேண்டும். நீரின்மையாலும், பேதி, காய்ச்சல் முதலிய நோய்களாலும் வழியில் மாண்டோர் மிகப் பலர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்த வடக்குப் பாதை மூடப்பட்டு, தூத்துக்குடி-கொழும்புக் கடல்வழி முதன்மை பெற்றது. 1914இல் தனுக்கோடி-தலைமன்னார்க் கப்பற் போக்குவரவு தொடங்கிய பின்னர், மண்டபத்தில் இலங்கையரசு நடத்திய முகாமிற் சிலநாள் தங்கி, நோய்ச்சோதனைக்கு உட்பட்டு, தொடர்வண்டியிலேயே மலையேறும் வசதி உண்டாயிற்று. கைக்குழந்தையோடு ஒரு தாய் அச்சமின்றிப் புறப்படக்கூடிய வழி அப்பொழுதுதான் திறந்தது.

ஆயினும் குடும்பம் வேரூன்றியமைக்கு மூலகாரணம் வழியன்று, பயிரே என்பது எம் கருத்து. 1869இற் காப்பியிலையை அழிக்கும் பூஞ்சண நோய் இலங்கையிற் காணப்பட்டது. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் அத்தொழில் நலிந்தொழிந்தது. அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1867இல், லூல்கந்துரை என்னுந் தோட்டத்தில் ஜேம்சு டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். காப்பி வீழ்ந்த இடத்தில் தேயிலை எழுந்தது. தேயிலையின் இயல்போ வேறு. ஏழு முதற் பத்து நாளைக்கு ஒருமுறை அதே செடியில் மீண்டுங் கொழுந்து எடுக்கவேண்டும். ஆண்டு முழுதும் ஓயாத வேலை அது. ஊர் சென்று மீளும் ஆள் அதற்குப் பயன்படான். மேலும், கொழுந்தெடுத்தல் பெண்டிர் கைக்கே உரியதெனத் துரைமார் கருதினர். எனவே பெண்டிரும், அவரோடு குழந்தைகளும், முதியோரும் மலைக்கு வேண்டியவராயினர். தோட்டத்துக்கு வேண்டியது குடும்பம் முழுமையும் ஆயிற்று. ஓர் இலையின் இயல்பு ஒரு மக்கட்கூட்டத்தின் குடிநிலையை மாற்றியது என்று கூறினால் மிகையாகாது.

குடும்பத்தைக் கொணர்ந்தவன் கங்காணி. அவன் தன் ஊராரையும் உறவினரையுமே திரட்டினான். சில்லறைக் கங்காணி பெரும்பாலும் ஓர் உறவுக் கூட்டத்தின் தலைவனாகவே இருந்தான். முன்பணமாக அவன் கொடுத்த தொகை குடும்பத்தின் கடனாயிற்று. அக்கடனைத் தீர்ப்பவரிடம் ஆட்களை விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். அம்முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பெரிய கங்காணிக்கோ வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் நாள்தோறும் தலைக்காசு உண்டு. உறவும் கடனும் ஒரே கயிற்றில் முறுக்கப்பட்டமையால், கங்காணியை வெறுங் கொடியவனாகக் காட்டுதலும், தந்தைபோற் புரந்தவனாகப் போற்றுதலும் ஒருதலைப்பட்டனவே. அவன் இரண்டுமாக இருந்தான்.

தோட்டத்து வழக்கில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். விடியுமுன் பெரட்டுக்களத்தில் நின்று பேர் கொடுத்தல் வேண்டும். குறைந்த வேலைக்கு அரைப்பேர். 1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1929இல் நடைமுறைக்கு வந்தபொழுது, உயர்மலைத் தோட்டங்களில் ஆடவர்க்கு 54 சதமும், பெண்டிர்க்கு 43 சதமும், சிறுவர்க்கு 32 சதமும் நாட்கூலியாக வகுக்கப்பட்டன. சிறுவர்க்கெனத் தனிக்கூலி சட்டத்திலேயே இடம்பெற்றமை நோக்கத்தக்கது. ஒருவர் பேரால் ஓர் அடுப்பு எரியாது என்பதை அரசும் அறிந்திருந்தது போலும். கைக்குழந்தைகளைப் 'பிள்ளைக்காம்பிரா'விற் கிழவி ஒருத்தியிடம் விட்டுத் தாய்மார் மலையேறினர்.

இனி, வீட்டை நோக்குவோம். தோட்டத்து மக்கள் வாழ்ந்த நெடுங்கட்டடம் 'லயம்' எனப்படும். குதிரை கட்டும் 'லாயம்' என்ற சொல்லே இவ்வாறு திரிந்தது என்பாரும் உளர். மக்களின் நிலையை நோக்க அவ்விளக்கம் உள்ளத்தைத் தொடுவதே. ஆயினும் வரிசை என்னும் பொருளுடைய 'லைன்' என்ற ஆங்கிலச் சொல்லின் திரிபாகக் கொள்வதே சொல்லாராய்ச்சிக்கு ஒத்தது. லயத்தின் ஓரறை 'காம்பிரா'. இது அறையைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லின் வழி வந்தது. முன்புறத்துத் தாழ்வாரம் 'இஸ்தோப்பு'. இஃது ஒல்லாந்தர் சொல். ஆலைச் சக்கரமாகிய 'ரோதை' மீண்டும் போர்த்துக்கீசியம். இலங்கையை ஆண்ட மூன்று ஐரோப்பிய இனத்தாரின் சொற்களும் ஓர் ஏழைத் தமிழ்க் குடும்பத்தின் வாயிற்படியிலும் தொழிற்களத்திலும் வந்து கூடியிருத்தல் வியப்பன்றோ!

காம்பிராவின் அளவு பொதுவாக 10 அடிக்கு 12 அடி. சில லயங்களில் அறைகள் ஒரே வரிசையாகவும், சிலவற்றில் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசையாகவும் அமைந்திருந்தன. பின்னவற்றில் பின்சுவரிற் சாளரம் வைக்க வழியில்லை. மேலே தகரக்கூரை, உள்ளே ஓர் அடுப்பு. மலைக்குளிரில் அவ்வடுப்பே போர்வை. அதன் புகையே இருமல். ஓர் அறைக்குள் பெற்றோரும், மணமான மகனும் மருமகளும், பேரக்குழந்தைகளும் வாழ்தல் அரிதான செய்தியன்று. இத்தகைய இடத்தை மக்கள் எவ்வாறு இல்லமாக்கினர் என்பதே நாம் ஊன்றி நோக்கவேண்டுவது. தரையைச் சாணமிட்டு மெழுகினர். சுவரிற் சாமிப்படம் மாட்டினர். இஸ்தோப்பிற் சுவர் எழுப்பியும் பலகை அடைத்தும் சமையலுக்கெனச் சிற்றிடம் பிரித்தனர். மகனுக்கு மணமாயின் அதுவே புதுமணமக்களின் அறையும் ஆயிற்று. லயத்துக் கோடியிற் கீரையும் கிழங்கும் நட்டனர். ஆடு மாடு வளர்த்தனர். பீலிக்கரையில் நீர் பிடித்தல் பெண்டிர்க்கு வேலையாகவும், ஊர்ச்செய்தி அறியும் மன்றமாகவும் இருந்தது. காம்பிரா துரையின் கணக்கேட்டில் ஓர் எண். அதனுள் வாழ்ந்தார்க்கு அது பிறப்பும் திருமணமும் சாவும் கண்ட வீடு.

தெய்வங்களும் அவ்வாறே குடியேறின. தாயகத்து மாரியம்மனுக்குத் தோட்டந்தோறும் கோயில் எழுந்தது. காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகியன மலையடிவாரங்களில் ஆடப்பெற்றன. இவை கொண்டுவரப்பட்டவை. ஆலைச் சக்கரத்தைக் காக்கும் ரோதைமுனியும், செடி வெட்டும் கவ்வாத்து வேலைக்குரிய கவ்வாத்துசாமியுமோ அம்மண்ணிலேயே பிறந்த தெய்வங்கள். தான் வாழும் இடத்துக்கெனப் புதுத்தெய்வம் படைத்துக்கொண்ட ஒரு கூட்டத்தை வந்து போகும் கூட்டம் என்று கருதுதல் எங்ஙனம் பொருந்தும்? 1928இல் வெளிவந்த டொனமூர் ஆணைக்குழுவின் அறிக்கையே, இந்தியத் தோட்டத் தொழிலாளருள் நூற்றுக்கு 40 முதல் 50 பேர் வரை நிலையாகத் தங்கியோர் என மதிப்பிட்டது.

வீடா, வெறுந் தங்குமிடமா என்னும் வினா ஒருமுறை நீதிமன்றத்திலேயே எழுந்தது. கேகாலைப் பகுதியிலுள்ள நேவ்ஸ்மயர் தோட்டத்தை, காணியற்ற கிராமத்தார்க்குப் பங்கிடுதற்பொருட்டு அரசு எடுத்துக்கொண்டது. 1840ஆம் ஆண்டு முடிக்குரிய நிலச் சட்டத்தின் வழியே மலைநாட்டுச் சிங்கள உழவர் பலர் நிலமிழந்திருந்தமையின், அவர்தம் குறையும் பொய்யானதன்று. ஆயின் அக்குறையைப் போக்கத் தொழிலாளர் லயத்தைவிட்டு வெளியேற்றப்படலாயினர். அவர்கள் வெளியேற மறுத்தனர். 1946இல் அதன்பொருட்டு வேலைநிறுத்தம் மூண்டது. அறிவித்தல் வழங்கிய பின்னரும் அறையிலேயே தங்கிய தொழிலாளி ஒருவர்மீது குற்ற அத்துமீறல் வழக்குத் தொடரப்பட்டது. இலங்கை நீதிமன்றத்திற் குற்றவாளியாகக் காணப்பட்ட அவர், இலண்டன் கோமறைக் கழகம் வரை முறையிட்டார். 1950இல் அக்கழகம் தண்டனையை நீக்கிற்று. பிறர்க்குத் தொல்லை தருதல் அவர்தம் முதன்மையான நோக்கமன்று. தம் பழைய வீட்டில் தொடர்ந்து இருத்தலே அவர் நோக்கம் என்பது தீர்ப்பின் சாரம். அவர்க்கு அங்கு இருக்க உரிமையுண்டு என்று அத்தீர்ப்புக் கூறவில்லை என்பதையும் மறத்தலாகாது. ஆயினும், துரையின் ஏட்டில் எண்ணாக இருந்த ஓர் அறை, அந்நீதிமன்றத்தில் ஒரு மனிதனின் பழைய வீடு என்று அழைக்கப்பெற்றது.

அத்தீர்ப்பு வருமுன்னரே நாட்டுரிமை பறிபோயிற்று. 1946ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியத் தமிழர் ஏறத்தாழ 7 இலட்சத்து 80 ஆயிரவர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசு 7 இடங்களைப் பெற்றது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டுச் சட்டம், மணமானோர் 7 ஆண்டும் மணமாகாதார் 10 ஆண்டும் இடையறாது இலங்கையில் வாழ்ந்தமையை மெய்ப்பித்தால் உரிமை பெறலாம் என்றது. பிறப்புப் பதிவும் எழுத்தும் இல்லாதார் எதனைக் கொண்டு மெய்ப்பிப்பர்? சாவு நல்வாழ்வுக்கு ஊர் சென்று மீண்ட சிறு பயணமும் 'இடையறவு' என ஐயுறப்பட இடமாயிற்று. தாய்மண்ணோடு உறவைப் பேணியமையே இங்கு அயன்மைக்குச் சான்றாகிவிட்டது.

1964 அக்டோபர் 30இற் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 9,75,000 மக்களைப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்தன. அம்மக்களுள் எவரும் கையொப்பமிடவில்லை. விண்ணப்பம் தனித்தனியே சென்றமையால், அண்ணன் இந்தியக் குடியாகவும் தம்பி இலங்கைக் குடியாகவும் ஆயினர். தலைமன்னாருக்குச் சென்ற தொடர்வண்டியை மலையகத்தார் 'ஒப்பாரிக் கோச்சி' என்றே வழங்கினர். அவ்வண்டியிற் சென்றோர் இறங்கிய இடங்களுள் ஒன்று மண்டபம் முகாம். பாட்டன் கைக்கட்டணமின்றி மலையேறக் காத்திருந்த அதே முகாமிற் பேரன், தான் பிறவாத ஊருக்கு வழி கேட்டு நின்றான். அவருட் சிலர்க்கு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை கிட்டியது; அங்கும் அதே கூடை, அதே கொழுந்து.

இலங்கையில் எஞ்சினோரின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். 1972, 1975ஆம் ஆண்டு நிலச்சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் அவற்றின் ஆட்சி தனியார் நிறுவனங்களிடம் விடப்பட்டது. லயம் மட்டும் பெரும்பாலும் லயமாகவே நின்றது. 2003ஆம் ஆண்டு 35ஆம் எண் சட்டம், நாடற்ற நிலையில் எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கிற்று. வீட்டுரிமை அதனோடு வரவில்லை. மலையகத்து எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவல் ஒன்றுக்கு 'வீடற்றவன்' எனப் பெயரிட்டமை இங்கு நினைக்கத்தக்கது. 2015க்குப் பின்னரே ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச்சு நிலமும் தனிவீடும் என்னுந் திட்டம் அரசின் கொள்கையாகப் பேசப்படலாயிற்று. அவ்வாறு எழுந்த வீடுகளிற் சமையலுக்கெனத் தனியறை உண்டு, சாளரங்களும் உண்டு. அவற்றின் அறைகளையும் முதியோர் காம்பிரா என்றே அழைக்கின்றனர்.