திரும்பி வரும் வழி: இணையவழிக் கற்பித்தலில் முறையும் கருவியும்

இணையத்தில் வகுப்பெடுத்த எந்த ஆசிரியரும் ஒரு நொடியை மறந்திருக்க மாட்டார். "புரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கும் நொடி அது. திரையில் நாற்பது கறுப்புக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். சிலவற்றில் அப்பாவின் பெயர், கைபேசி அவருடையது என்பதால். யாரோ மைக்கை அணைக்க மறந்ததில் குக்கர் விசில் கேட்கிறது. சற்றுக் கழித்து அரட்டைப் பெட்டியில் "எஸ் மிஸ்" என்று நாலைந்து வரிகள் ஏறுகின்றன. அவ்வளவுதான். வகுப்பறையில் இதே கேள்விக்கான விடையை ஆசிரியர் காதால் வாங்குவதில்லை. மூன்றாம் பெஞ்சில் ஒருவன் திருதிருவென்று விழிப்பதைப் பார்த்ததுமே, கரும்பலகையில் போட்ட கணக்கை அழித்துவிட்டு மறுபடி தொடங்கிவிடுகிறார். 'எஸ் மிஸ்' அந்த விழிப்பை அவரிடம் கொண்டுவந்து சேர்ப்பதில்லை.

இணையவழிக் கற்பித்தல் பற்றிய பேச்சு பெரும்பாலும் பாடம் எப்படி மாணவரிடம் போய்ச் சேர்கிறது என்பதைச் சுற்றியே நடக்கிறது: காணொளியின் தரம், செயலியின் வசதி, இணைய வேகம். இக்கட்டுரை எதிர்த்திசையைப் பார்க்கிறது. மாணவருக்குப் புரியாதது ஆசிரியரிடம் எவ்வளவு விரைவில் திரும்பி வருகிறது, வந்தபின் அடுத்த பாடம் அதனால் மாறுகிறதா என்ற இரண்டையும் பொறுத்தே இவ்வகைக் கற்பித்தலின் பயன் அமைகிறது என்பது என் வாதம். இந்தத் தராசில் நிறுத்தால் விலையுயர்ந்த கருவிகள் சில எடை குறையும். ஒரு சாதாரணத் தொலைபேசி அழைப்பு எடை கூடும்.

கருவியா முறையா என்ற வழக்கு பழையது. கல்வி ஊடகங்கள் வெறும் சரக்கு வண்டிகள், மளிகை ஏற்றிவரும் வண்டியை மாற்றுவதால் உண்பவரின் உடல் தேறாது என்ற பொருளில் ரிச்சர்ட் கிளார்க் 1983இல் எழுதினார். ஒவ்வோர் ஊடகத்துக்கும் அதற்கே உரிய ஆற்றல் உண்டு, நல்ல முறை அதைப் பயன்படுத்திக்கொள்ளும் என்று ராபர்ட் கோஸ்மா 1991இல் மறுத்தார். இருவர் பேச்சும் வண்டியைப் பற்றியதாகவே இருந்தது. சாலை ஒருவழிப் பாதையா என்ற கேள்வி அதில் பின்னுக்குப் போய்விட்டது. அந்தக் கேள்விக்கு நெருங்கி வந்தவர் மைக்கேல் மூர். தொலைநிலைக் கல்வியில் தூரத்தை மைல் கணக்கில் அளக்கக் கூடாது, ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே நடக்கும் உரையாடல் குறையக் குறையத் தூரம் கூடும் என்பது அவர் கருத்தின் சாரம். ஒரே அறையில் இருந்துகொண்டே இருவரும் வெகுதூரத்தில் இருக்கலாம் என்பதும் இதில் அடங்கும். வகுப்பறையைப் பொற்காலமாக நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

என் வாதத்துக்கு வலுவான சான்று ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவிலிருந்து கிடைக்கிறது. 2020இல் கோவிட் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடியிருந்தபோது ஏறத்தாழ 4,500 குடும்பங்களை வைத்து நோம் ஆங்ரிஸ்ட், பீட்டர் பெர்க்மேன், மோய்ட்ஷெபி மாட்ஷெங் ஆகியோர் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பிரிவுக்கு வாரந்தோறும் சில கணக்குகள் குறுஞ்செய்தியாகப் போயின. இன்னொரு பிரிவுக்குக் குறுஞ்செய்தியோடு வாரம் ஒருமுறை ஆசிரியரின் தொலைபேசி அழைப்பும் போனது. அழைப்பில் பெரிதாக எதுவும் இல்லை. பெற்றோரும் பிள்ளையும் போனை ஒலிபெருக்கியில் வைத்துக்கொண்டு, அனுப்பிய கணக்கைச் சேர்ந்து போட்டுப் பார்த்தார்கள். குறுஞ்செய்தி மட்டும் பெற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. அழைப்பும் பெற்றவர்களின் கற்றல் 0.12 திட்டவிலக்கம் உயர்ந்தது. இரு பிரிவுக்கும் பாடப்பொருள் ஒன்றுதான். திரை கிடையாது, இணையம் கிடையாது. மறுமுனையில் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதுதான் வேறுபாடு. அழைப்பு தந்த ஊக்கமும் பெற்றோரின் ஈடுபாடும் இதில் கலந்திருக்கலாம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அவையும் திரும்பி வரும் வழி இருந்ததால் வந்தவையே.

தமிழ்நாட்டுக்கு வருவோம். கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டு 26ஆம் நாள் தொடங்கியது, பெருந்தொற்றுக்கு முன்பே. பாடநூல்களில் கியூஆர் கோடு அதற்கும் முன்னால் ஏறிவிட்டது. அனுப்பும் வழியைப் பொறுத்தவரை பல மாநிலங்களைவிட நாம் ஆயத்தமாகவே இருந்தோம். ஆனால் பள்ளிகள் ஒன்றரை ஆண்டுக்கு மேல் மூடியிருந்தபின், 2021 டிசம்பரில் ஊரகத் தொடக்கநிலைப் பிள்ளைகளைச் சோதித்தபோது, 2019இல் அதே ஊர்களில் அதே வயதில் இருந்தவர்களைவிட இவர்கள் கணக்கில் சுமார் 0.7 திட்டவிலக்கமும் மொழியில் 0.34 திட்டவிலக்கமும் பின்தங்கியிருந்தார்கள். ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைப் பின்தொடர்ந்த அபிஜீத் சிங், மௌரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோரின் ஆய்வு தரும் எண்கள் இவை. இதைக் கல்வித் தொலைக்காட்சியின் தோல்வி என்று எழுதுவது நியாயமாகாது. அது இல்லாதிருந்தால் இழப்பு எவ்வளவு கூடியிருக்கும் என்பதை அந்த ஆய்வு அளக்கவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த பகுதி. பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ 24 சதவீதம் தமிழக அரசின் மாலைநேரக் கற்பித்தல் திட்டமான இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். 2021 அக்டோபரில் தொடங்கிய அத்திட்டத்தில் தன்னார்வலர்களிடம் இருந்தது பாயும் கரும்பலகையும் மாலைப்பொழுதும்தான். ஆனால் சுமார் இருபது பிள்ளைகளின் முகம் அவர்களுக்குத் தெரிந்தது.

மெக்சிகோவின் தொலைக்காட்சி வழி இடைநிலைப் பள்ளித் திட்டம் 1968இல் தொடங்கியபோதே இதைக் கவனத்தில் கொண்டிருந்தது. பாடம் அலைவரிசையில் வரும், ஆனால் பெட்டியின் பக்கத்தில் ஓர் ஆசிரியர் இருப்பார். நாம் பெட்டியைப் பிள்ளையின் வீட்டுக்குக் கொண்டுபோனோம். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

அப்படியானால் கணினியால் பயனே இல்லையா? இல்லை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. டெல்லியில் பள்ளி நேரத்துக்குப் பின் நடந்த மையங்களில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளைக் கொண்டு முரளிதரன், சிங், கானிமியன் ஆகியோர் செய்த சோதனை 2019இல் வெளியானது. நாலரை மாதத்தில் கணக்கில் 0.37, இந்தியில் 0.23 திட்டவிலக்கம் உயர்வு. கல்வி ஆய்வில் இவை பெரிய எண்கள். அங்கு வந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். மென்பொருள் அவர்களுக்கு ஆறாம் வகுப்புப் பாடத்தைக் காட்டிக்கொண்டிருக்கவில்லை. ஒவ்வொரு விடையையும் பார்த்து, பிள்ளை நிற்கும் படிக்கே இறங்கி வந்தது. அதாவது திரும்பி வரும் வழியை இயந்திரமே நடத்தியது. பெரு நாட்டில் பிள்ளைகளுக்கு மடிக்கணினிகளை வழங்கிய திட்டத்தை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். கருவி கைக்கு வந்தது. கணக்கிலோ மொழியிலோ மதிப்பெண் உயரவில்லை.

காணொளி பற்றிச் சுருக்கமாக. எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தில் ஏறத்தாழ 69 லட்சம் பார்வைகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வு, காணொளி ஆறு நிமிடத்தைத் தாண்டினால் மாணவர் விலகுகிறார் என்று கண்டது. அன்று முதல் 'ஆறு நிமிடம்' ஆசிரியர் பயிற்சிகளில் மந்திரமாகிவிட்டது. பார்த்ததும் கற்றதும் ஒன்றல்ல என்பதை அந்த மந்திரம் மறைக்கிறது. இதைவிடப் பயனுள்ளது 2013இல் ஸ்புனார், கான், ஷாக்டர் ஆகியோர் செய்த சோதனை. புள்ளியியல் விரிவுரை ஒன்றை நான்கு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்குப் பின்னும் சிறு தேர்வு வைத்தபோது மாணவரின் மனம் அலைவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. குறிப்பெடுப்பது கூடியது, நினைவும் கூடியது. ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் காட்டியது இதற்கு அடிப்படை: மறுபடி படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து 42 சதவீதம் நினைவில் வைத்திருந்தார்கள், படித்ததை எழுதிப் பார்த்துத் தங்களையே சோதித்தவர்கள் 56 சதவீதம். ஆகவே காணொளியை எங்கே வெட்டுவது என்பதற்குக் கடிகாரம் உதவாது. மாணவரிடம் கேட்க ஒரு கேள்வி பிறக்கும் இடத்தில் வெட்ட வேண்டும்.

அந்தக் கேள்வியை அமைப்பதில்தான் ஆசிரியரின் கைத்திறன் இருக்கிறது. ஓர் எளிய கழித்தல்: 503இலிருந்து 278ஐக் கழிக்க வேண்டும். சரியான விடை 225. கூகுள் படிவத்தில் இதைப் போட்டு, கண்ணுக்கு அழகாக 220, 230, 250 என்று மற்ற விடைகளை வைத்தால், எத்தனை பேர் தவறினார்கள் என்பது மட்டுமே தெரியவரும். மாறாக 375, 235 என்ற இரண்டை வைத்துப் பாருங்கள். 375 என்று குறித்த பிள்ளை ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்ற கவலையே அதற்கு இல்லை. கடன் வாங்கிக் கழிப்பதே அதற்குப் பிடிபடவில்லை. 235 என்று குறித்த பிள்ளைக்குக் கடன் வாங்கத் தெரியும். நூறிடத்திலிருந்து வாங்கியதில் பூச்சியம் பத்தானது வரை சரி. அந்தப் பத்திலிருந்து ஒன்றை ஒன்றிடத்துக்குக் கொடுத்தபின் ஒன்பதாக்க மறந்துவிட்டது. முதல் பிள்ளைக்குக் குச்சிக்கட்டிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டாவது பிள்ளைக்கு இரண்டு நிமிடம் போதும். இருவருக்கும் அதே காணொளியை மறுபடி அனுப்பினால் ஒருவருக்கு எட்டாது, மற்றவருக்கு அலுத்துவிடும். படிவத்தில் விடையைப் பொறுத்து வெவ்வேறு பகுதிக்கு அனுப்பும் வசதி இருக்கிறது. எச்5பி என்ற கருவியைக் கொண்டு காணொளிக்குள்ளேயே கேள்வியைப் பதிக்கலாம். தவறான விடைகளை யோசித்து எழுதும் வேலையை எந்தச் செயலியும் முழுதாக எடுத்துக்கொள்ளாது.

நேரலையா பதிவா என்ற கேள்விக்கும் விடை வீட்டு நிலவரத்தில் இருக்கிறது. ஊரகக் கல்வி நிலையை அளக்கும் ஏசர் அறிக்கையின்படி, ஊரகப் பிள்ளைகளில் ஸ்மார்ட்போன் உள்ள வீட்டில் வாழ்பவர்கள் 2018இல் 36.5 சதவீதம், 2021இல் 67.6 சதவீதம். 2021இல் வீட்டில் போன் இருந்தும் அது கைக்கு வராத பிள்ளைகள் நான்கில் ஒருவருக்கு மேல். போன் வேலைக்குப் போகும் அப்பாவோடு போய், இரவு ஏழு மணிக்கு வீடு திரும்புகிறது. காலை பத்து மணி நேரலை வகுப்பு இந்தப் பிள்ளைக்குக் கிடையாது. பாடத்தைப் பதிவாக அனுப்பிவிட்டு, நேரலையைத் திருத்தத்துக்கும் கேள்விக்கும் என்று மாலையில் ஒதுக்குவதே பொருந்தும். பெருந்தொற்றின்போது நடைமுறையில் நாம் செய்தது நேர்மாறு: நேரலையில் விரிவுரை நடத்திவிட்டு, வீட்டுப்பாடத்தைப் பிடிஎஃப் ஆக வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோம். நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, ஆசிரியர் அரை நிமிடக் குரல்பதிவில் "மூணாவது வரியப் பாரும்மா, அங்க அடையாளம் மாறிப்போச்சு" என்று சொல்வது, என் கணிப்பில், அந்தக் காலகட்டம் கண்டுபிடித்த மிகச் சிறந்த முறைகளில் ஒன்று. அதைக் கண்டுபிடித்த ஆசிரியர்கள் யார் என்று எந்தக் கருத்தரங்கும் கேட்கவில்லை.

நாற்பது பேருக்கு ஓர் ஆசிரியர் இதையெல்லாம் எப்படிச் செய்வார் என்ற மறுப்பு வலுவானது. ஆளுக்குப் பதினைந்து நிமிடம் என்றால் வாரம் பத்து மணி நேரம் தொலைபேசியிலேயே போகும். இங்கே நமக்குப் பழைய விடை ஒன்று உண்டு. மாணவர் ஆசிரியரிடமிருந்து பெறுவது கால்பங்கு, உடன் பயில்வோரோடு பழகிப் பெறுவது இன்னொரு கால்பங்கு, பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதே மீதி அரைப்பங்கும் கூடிப் புலமை நிறைகிறது என்று நன்னூலின் பொதுப்பாயிரம் கணக்குச் சொல்கிறது. விகிதத்தை யாரும் அளந்து பார்த்ததில்லை என்றாலும், சிறந்த விரிவுரைக் காணொளியும் முதல் கால்பங்கைத்தான் தர முடியும் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்னவரில்லை. திண்ணைப் பள்ளியில் மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இந்த அறிவின் நடைமுறை வடிவம். 1789 முதல் எழும்பூரில் ஆண்பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு தாமும் கைக்கொண்டார். பிள்ளைக்குப் பிள்ளையே கற்பிக்கும் ஏற்பாட்டை வளர்த்தெடுத்தார். 1797இல் லண்டனில் அவர் அதை நூலாக்கியபின் அது 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் பெற்றது. ஆசிரியர் போதாத இடத்தில் பிறந்த அந்த முறை, ஆசிரியர் முகம் தெரியாத இடத்துக்கும் பொருந்தும். எச்சரிக்கையும் வேண்டும்: பெல்லின் முறை மனப்பாட ஆலையாகச் சீரழிந்ததையும் பத்தொன்பதாம் நூற்றாண்டு பார்த்தது.

மேற்சொன்ன கழித்தலை எடுத்துக்கொள்வோம். நாற்பது பேரில் 375 எழுதியவர்கள் எட்டுப் பேர் என்று வையுங்கள்; அவர்கள் நான்கு நான்காக இரண்டு கான்பரன்ஸ் அழைப்புகளில். 235 எழுதியவர்களுக்கு ஒரு குரல்பதிவு. சரியாக எழுதிய ஒவ்வொருவரும் 235 எழுதிய ஒருவருக்கு அடுத்த கணக்கை விளக்கி, அதைப் பதிவு செய்து ஆசிரியருக்கு அனுப்ப வேண்டும். ஆசிரியர் அந்தப் பதிவுகளில் நாலைந்தைக் கேட்டாலே வகுப்பின் நிலை விளங்கிவிடும். பத்து மணி நேரம் இரண்டு மணிக்குள் சுருங்குகிறது. ஜூமின் சிறு அறைகளும் இதைச் செய்யும். ஆனால் கையில் ஒரு கணக்கு இல்லாமல் பிள்ளைகளை அவற்றுக்குள் அனுப்பினால், நாற்பது கறுப்புக் கட்டம் நாலு நாலாகப் பிரிந்திருக்கும், அவ்வளவுதான். பாடப்பொருள் மட்டும் போதாது என்பதற்கு, ஹார்வர்டும் எம்ஐடியும் எட்எக்ஸில் நடத்திய திறந்த பாடங்களில் சேர்ந்த நூறு பேரில் முடித்தவர்கள் மூவர் அளவில் இருந்ததையும் நினைவில் கொள்ளலாம். அங்கே பாடப்பொருளில் குறையில்லை.

இந்த இரண்டு மணி நேரம் ஆசிரியரின் எந்தக் கணக்கில் எழுதப்படுகிறது? காணொளியை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது அதன் கீழேயே எண்ணாகத் தெரிகிறது. நேரலைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதற்குச் செயலி பட்டியல் தருகிறது. அதிகாரிகள் கேட்பதும் ஆய்வேடுகள் அட்டவணை போடுவதும் இவற்றைத்தான். 375 எழுதிய நான்கு பிள்ளைகளோடு இரவு ஏழரை மணிக்கு ஓர் ஆசிரியர் பேசிய இருபது நிமிடம் அவருடைய பாடவேளைப் பதிவேட்டில் ஏறுவதில்லை; அதற்கான கட்டமே அதில் அச்சிடப்படவில்லை.