கிராட்கி முறை

கிராட்கி முறை என்பது மோட்டாரோ காற்றுக் குழாயோ இல்லாமல், ஒரு மூடிய பெட்டியில் நிறைத்த ஊட்டக் கரைசலைக் கொண்டே செடி வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸ் வகை. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆய்வாளர் பெர்னார்ட் கிராட்கி இதை வடிவமைத்துப் பரப்பினார். லெட்டூஸ் வளர்ப்புக்கான மூன்று வடிவங்களை விளக்கும் அவருடைய கட்டுரை 2009இல் வெளிவந்தது. வீட்டுக்குள் மண்ணில்லாமல் செடி வளர்க்க விரும்புவோர் முதலில் கற்க வேண்டியது இந்த முறைதான். செலவு குறைவு என்பதைவிட, செடியின் வேருக்கு என்ன தேவை என்பதை இதுபோல் கண்ணெதிரே காட்டும் முறை வேறில்லை.

மண் இல்லாமலும் செடி வளரும் என்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மனியின் யூலியஸ் சாக்ஸும் வில்ஹெல்ம் நாப்பும் உப்புக் கரைசல்களில் நிறுவிவிட்டனர். அதை ஆய்வகத்துக்கு வெளியே கொண்டுவந்தவர் கலிபோர்னியாவின் வில்லியம் கெரிக். அங்கேயே பணியாற்றிய ஹோக்லண்டும் ஆர்னனும் 1938இல் வெளியிட்ட கரைசல் விகிதம் இன்றும் அடிப்படையாக இருக்கிறது.

பெட்டியின் மூடியில் துளையிட்டு, நாற்று வைத்த வலைக்கிண்ணத்தை அதில் பொருத்துவார்கள். தொடக்கத்தில் கிண்ணத்தின் அடிப்பகுதி மட்டும் கரைசலில் நனைந்தால் போதும். செடி குடிக்கக் குடிக்கக் கரைசல் இறங்கும். மூடிக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே ஈரக் காற்று நிறைந்த இடைவெளி உருவாகும். அந்த இடைவெளியில் தொங்கும் வேர்கள் அடர்த்தியாகக் கிளைத்துச் சுவாசிக்கின்றன; கீழே மூழ்கியவை நீரையும் உப்பையும் எடுக்கின்றன. மட்டம் இறங்கியதைக் கண்டு பதறி மறுபடி விளிம்புவரை நிரப்புவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. காற்றுக்குப் பழகிய வேர்கள் மூழ்கி மூச்சடைத்து, நீர் நிறைந்த பெட்டியிலேயே செடி வாடிப்போகும். நிரப்பியே ஆகவேண்டும் என்றால் சிறிதளவு ஊற்றி, மேல் வேர்களைக் காற்றிலேயே விட வேண்டும். லெட்டூஸ் செடி ஒன்றுக்கு ஏறக்குறைய 4 லிட்டர் கரைசல் இருந்தால் பெரும்பாலும் அறுவடைவரை நிரப்பவே தேவையில்லை.

வெப்பம் இந்த முறையின் முதல் எதிரி. 20 டிகிரி செல்சியஸில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும் நீர், 30 டிகிரியில் ஏழரைக்கு இறங்கிவிடுகிறது. பித்தியம் போன்ற வேரழுகல் கிருமிகளுக்கும் அந்த வெப்பம் தோதானது. நலமான வேர் வெண்மையாக இருக்கும். பழுப்பேறி, வழவழத்து, நாற்றமடித்தால் அழுகல் என்று கொள்ளலாம். லெட்டூஸ் விதை 30 டிகிரிக்கு மேல் முளைக்கவே தயங்கும். ஆகவே தமிழ்நாட்டுச் சமவெளியில் கார்த்திகை முதல் தை வரை தொடங்குவது நல்லது. மற்ற மாதங்களில் திருநீற்றுப்பச்சையும் புதினாவும் கைகொடுக்கும். புதினாத் தண்டை வெறும் நீரில் வைத்தாலே வேர்விடும். தக்காளியை முதல் செடியாக எடுக்க வேண்டாம். அது நிறையக் குடிக்கும், நிறைய வெளிச்சம் கேட்கும்.

விதையைத் தேங்காய் நார்க்கழிவிலோ பஞ்சிலோ முளைக்கவைத்து, உண்மையான இலைகள் வந்ததும் கிண்ணத்துக்கு மாற்றலாம். உரமாக, ஹைட்ரோபோனிக்ஸுக்கென விற்கும் ஏ, பி கரைசல்களை வாங்குவதே பாதுகாப்பு. கால்சியம் ஒன்றிலும் பாஸ்பேட், சல்பேட் மற்றொன்றிலும் பிரித்து வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு: அடர்த்தியாகக் கலந்தால் அவை வெண்படிவாக அடியில் தங்கி, செடிக்கு எட்டாமல் போகும். முதலில் ஒன்றை நீரில் நன்கு கலக்கிய பிறகே மற்றதை ஊற்ற வேண்டும். உரக்கடையில் கிடைக்கும் 19:19:19 இதற்கு ஈடாகாது. அதில் கால்சியம் இல்லை. நைட்ரஜனின் பெரும்பங்கு யூரியாவாக இருக்கும். யூரியாவை மாற்றித்தரும் மண் நுண்ணுயிர்கள் பெட்டியில் போதிய அளவு இருப்பதில்லை.

கரைசலின் பிஹெச் 5.5க்கும் 6.5க்கும் இடையில் இருக்கட்டும். அதற்கு மேலே போனால் இரும்புச்சத்து கிடைக்காமல், நரம்புகள் பச்சையாக நிற்க இளம் இலைகள் மஞ்சளாகும். லெட்டூஸுக்கு மின்கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 1.2 முதல் 1.8 மில்லிசீமென்ஸ் வரை போதும். டிடிஎஸ் மீட்டர் வைத்திருப்போர் கவனிக்க: 1.5 அளவுள்ள ஒரே கரைசலை ஒரு மீட்டர் 750 பிபிஎம் என்றும், வேறு அளவுகோல் கொண்ட மீட்டர் 1050 பிபிஎம் என்றும் காட்டும். கடினமான ஆழ்துளைக் கிணற்று நீர் உரம் போடுவதற்கு முன்பே இந்த எல்லையை நெருங்கிவிடக்கூடும். மழைநீரோ ஆர்ஓ நீரோ மேல்.

ஜன்னலோர வெளிச்சம் பெரும்பாலான வீடுகளில் பற்றாது. செடிக்கு மேலே ஓர் அடி உயரத்தில் வெள்ளை எல்இடி விளக்கைத் தொங்கவிட்டு நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் எரிய விடுவது வழக்கம். தண்டு மெலிந்து நீண்டு சாய்ந்தால் ஒளி குறைவு. செடிக்கு எவ்வளவு ஒளி வேண்டுமோ, கரைசலுக்கு அவ்வளவு இருட்டு வேண்டும். ஒளி பட்டால் பாசி படியும். கண்ணாடி ஜாடியில் வளர்ப்பவர்கள் வெளியே கறுப்புக் காகிதம் சுற்றிவிட வேண்டும். இளம் இலைகளின் நுனி கருகினால் உரத்தைக் கூட்டக் கூடாது. காற்றோட்டமில்லாத இடத்தில் இலை நீரை வெளியேற்றாததால் கால்சியம் நுனிக்கு ஏறுவதில்லை; சிறு மின்விசிறி அதைத் தீர்க்கும்.

நாற்றை மாற்றிய நான்கு முதல் ஆறு வாரங்களில் லெட்டூஸ் அறுவடைக்கு வரும். பெட்டியில் எஞ்சும் கரைசலின் உப்பு விகிதம் மாறியிருக்கும் என்பதால் அடுத்த செடிக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. நீர் சேர்த்துத் தொட்டிச் செடிகளுக்கு ஊற்றிவிட்டு, பெட்டியைக் கழுவிக் காயவைத்துப் புதிதாகத் தொடங்க வேண்டும்.