ஸ்தான்ஸ் மடமும் குழந்தைத் தோட்டமும்

கல்விச் சீர்திருத்தம் செய்தோரை அவர்தம் கொள்கைகளின் பெயரால் மட்டுமே அறியும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. பெஸ்தலோசி என்றதும் காட்சிவழிப் போதனை எனவும், புரோபல் என்றதும் விளையாட்டுவழிக் கல்வி எனவும் மனனஞ்செய்து ஒப்புவிக்கின்றோம். பொருளுணராது மனனஞ்செய்தலை எதிர்த்தவர்களுக்கு நாம் செய்யும் கைம்மாறு இது! அக்கொள்கைகள் எத்துயரிடையே உருப்பெற்றன என்பதை அறியச் சுவிற்சர்லாந்தின் ஸ்தான்ஸ் என்னும் சிற்றூருக்குச் செல்லுதல் வேண்டும்.

1798ஆம் ஆண்டு செப்டெம்பரில், புதிய அரசியலமைப்பை ஏற்க மறுத்த அப்பகுதி மக்கள்மீது பிரெஞ்சுப் படை பாய்ந்தது. ஏறத்தாழ 400 பேர் மாண்டனர், வீடுகள் எரிந்தன. பெற்றோரை இழந்த பிள்ளைகளைப் பேணுமாறு அரசாங்கம் பெஸ்தலோசியை அனுப்பியது. அப்போது அவருக்கு வயது 52. அதுவரை அவர் கைவைத்த கருமங்கள் பெரும்பாலும் தோல்வியே. ஏழைப் பிள்ளைகளுக்கென நொய்ஹோவ் பண்ணையில் அவர் நடத்திய விடுதி 1780இல் கடனில் மூழ்கியிருந்தது.

கன்னியர் மடமொன்றின் ஒரு பகுதியே ஸ்தான்சில் அவருக்குக் கிடைத்த இடம். அதுவும் திருத்தவேலை முடியாதது. சொறியும் பேனும் பற்றிய உடலினராய், அச்சமும் ஐயமும் நிறைந்த உள்ளத்தினராய் வந்த பிள்ளைகள் 80 பேரளவினர். துணைக்கு வீட்டுப்பணிப்பெண் ஒருத்தி மட்டுமே. நூல்கள் இல்லை, கருவிகள் இல்லை. கத்தோலிக்க மக்களிடையே புரட்டஸ்தாந்தராகிய அவரை நம்புவாரும் இலர். பிள்ளைகளோடு உண்டார், அவர்களிடையே உறங்கினார், நோயுற்றோரின் அருகிருந்தார். அறத்தைப் போதிக்குமுன் அறத்தின் பயனை அவர்கள் நுகரவேண்டும் எனக் கண்டார். ஆசிரியர் வேறெவரும் இன்மையாற் கற்ற பிள்ளையைக் கல்லாத பிள்ளைக்குக் கற்பிக்கச் செய்தார். பிற்காலத்தார் முறையெனப் போற்றியவற்றுட் சில, வறுமை அவருக்குக் காட்டிய வழிகளே.

அரையாண்டும் நிறைவதற்குள், 1799 யூனில், அம்மடம் படையினரின் மருத்துவமனைக்கு வேண்டப்பட்டது. பள்ளி கலைந்தது. பெஸ்தலோசி நோயுற்று வெளியேறினார்.

பின்னர் 1805 முதல் இவெர்டன் கோட்டையில் அவர் நடத்திய பள்ளிக்கு ஐரோப்பாவின் பல பாகங்களிலிருந்தும் ஆசிரியர்கள் வந்தனர். ஜேர்மானியராகிய புரோபல் 1808 முதல் 1810 வரை தம் மாணாக்கருடன் அங்கே தங்கினார். குழவிப் பருவத்திலேயே தாயை இழந்தவர் அவர். பெஸ்தலோசியின் அன்பை வியந்தபோதும் அப்பள்ளியில் ஒருமைப்பாடு இல்லை என்று குறைகண்டார். குருவிற் குறைகாணத் துணிந்த மாணவனே குருவின் பணியை வளர்த்தான் என்பது கருதத்தக்கது. 1837இல் பிளாங்கன்பேர்க்கில், பள்ளிப் பருவம் எய்தாத பிள்ளைகளுக்கென ஒரு நிலையத்தைத் தொடங்கி, 1840இல் அதற்குக் குழந்தைத் தோட்டம் எனப் பொருள்படும் 'கிண்டர்கார்ட்டன்' என்னும் பெயரைச் சூட்டினார். பந்தும் கனசதுரமும் உருளையுமே அங்கே பாடப்பொருள்கள்.

1848ஆம் ஆண்டுப் புரட்சியால் மருண்டிருந்த பிரசிய அரசாங்கம், 1851 ஆகத்தில் இத்தோட்டங்களைத் தடைசெய்தது. நாத்திகமும் சமவுடைமையும் பரப்புகின்றன என்பது குற்றச்சாட்டு. அவருடைய உறவினர் கார்ல் புரோபலின் எழுத்தை இவருடையதாக மயங்கியதும் ஒரு காரணம். மழலைகள் வட்டமாக நின்று பாடுவதைக் கண்டு ஓர் அரசு அஞ்சியது! மயக்கத்தை எடுத்துக்காட்டியும் தடை நீங்கவில்லை. மறு ஆண்டு யூனில் புரோபல் இறந்தார். தடை 1860இலேயே நீங்கியது.

ஆயினும் அதற்குள் அம்முறை கடல் கடந்துவிட்டது. ஜேர்மனியிலிருந்து குடிபெயர்ந்த மார்கரேத்தா ஷூர்ஸ் என்னும் பெண்மணி, 1856இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்து வாட்டர்டவுனில், தம் மகளையும் உறவினர் பிள்ளைகள் சிலரையும் வீட்டிற் கூட்டிவைத்து, ஜேர்மன் மொழியில் ஒரு குழந்தைத் தோட்டத்தைத் தொடங்கியிருந்தார்.