சாவியும் திறவுகோலும்

ஒரு வைகறைப் பொழுதில், கடலுக்குப் புறப்பட்ட முதியவர் ஒருவர் அடைத்திருந்த ஆலயக் கதவின் முன் நின்று, "சாமி, சாவி யார்கிட்ட இருக்கு?" என்று நம்மிடம் கேட்டார். கதவைத் திறந்துவிட்டோம். அவர் செபித்துவிட்டுச் சென்றார். அவர் சொன்ன சொல்லோ நம் சிந்தையில் தங்கிவிட்டது.

'சாவி' நமக்குப் போர்த்துக்கீசியர் தந்த சொல். அதன் தாய் இலத்தீனின் 'கிளாவிஸ்'. இத்தாலியர் அதைக் 'கியாவே' என்பர். பிரெஞ்சுக்காரர் 'கிளே' என்பர். ருமேனியர் 'கேயே' என்பர். இசுபானியர் 'யாவே' என்பர். இலத்தீனில் சொல் முதலில் நின்ற 'கிள' ஒலி போர்த்துக்கீசியத்தில் 'ச்ச' எனத் திரிந்து, பின்னர் 'ஷ' என மெலிந்தது. இந்தியில் இன்றும் 'ச்சாபி' என வல்லொலியோடு வழங்குவது, அச்சொல் இந்நாட்டுக் கரையில் இறங்கிய காலத்தின் பழைய ஒலிப்பைக் காட்டுகிறது. சன்னல், அலமாரி, மேசை, பாதிரி ஆகியனவும் அதே கப்பலில் வந்தவையே. 1606-இல் மயிலாப்பூர் மறைமாவட்டம் நிறுவப்படுமுன்னரே, சாந்தோமில் போர்த்துக்கீசியர் குடியேறியிருந்தனர்.

நம் புதுப்பட்டினத்தை அடுத்த சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டி வாழ்ந்தவர்களோ டச்சுக்காரர்கள். அவர்களது 'துட்டு' தமிழில் நிலைத்தது. சாவியைக் குறிக்கும் அவர்களது சொல் நிலைக்கவில்லை. அந்த இடத்தில் போர்த்துக்கீசியச் சொல் முன்னரே அமர்ந்துவிட்டது போலும்.

இங்கு ஓர் உண்மை நம் கருத்தைக் கவர்கிறது. 'கிளாவிஸ்' என்பது, 'அடைத்தல்' எனப் பொருள்படும் இலத்தீன் வினையோடும், 'ஆணி' என்னும் பெயரோடும் ஒரே வேரில் கிளைத்தது. நம் முன்னோரின் 'திறவுகோல்' என்ற சொல்லோ திறத்தலையே நினைக்கிறது. ஒரே பொருளை ஒரு மொழி அடைப்பதாகக் கண்டது; மற்றொன்று திறப்பதாகக் கண்டது.

திருச்சபை வரலாற்றிலும் இவ்விரண்டும் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு அணித்தாக இழுபட்ட தேர்தலின் முடிவில் 1271-இல் தெரிவான பத்தாம் கிரகோரியார், 1274-இல் லியோன் பொதுச்சங்கத்தில், கர்தினால்மார் அடைபட்ட இடத்திலிருந்தே திருத்தந்தையைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென விதித்தார். 'கான்கிளேவ்' என்ற சொல்லின் பொருளே 'சாவியால் பூட்டப்பெற்ற அறை' என்பதாகும். 2025 மே 8-ஆம் நாள் பதினான்காம் லியோ தெரிவானதும் அத்தகைய பூட்டிய கதவுகளுக்குள்தான். ஆயினும் அக்கதவு என்றென்றும் அடைபட்டிருப்பதற்கன்று. ஒரு மேய்ப்பரை மக்கள்முன் நிறுத்தத் திறப்பதற்கே அடைக்கப்படுகிறது.

ஆண்டவர் பேதுருவிடம் விண்ணரசின் திறவுகோல்களைத் தந்தபோது, கட்டவும் அவிழ்க்கவும் அதிகாரம் அளித்தார். குருக்களாகிய நாமும், குடும்பத் தலைவர்களும், சங்கப் பொறுப்பாளர்களும் ஆளுக்கொரு சாவியை வைத்திருக்கிறோம். அதைக் கொண்டு பெரும்பாலும் நாம் செய்வது எது? அடைப்பதா, திறப்பதா?

களவுக்கு அஞ்சிப் பூட்டுகிறோம், அதில் தவறில்லை. ஆனால் விடியுமுன் கடலுக்குச் செல்பவர் இறைவனைக் கண்டு செல்ல விரும்பினால், நம் உறக்கம் அவருக்குத் தாழாகலாகாது. இப்போது நம் ஆலயக் கதவு காலை நான்கு மணிக்கே திறக்கப்படுகிறது. சாவி என்று சொல்லியே அதைக் கேட்டார் அந்த முதியவர். திறவுகோலாக நம் கையில் தந்துவிட்டுப் போனார்.